ரிஷிமூலம், நதிமூலம், லிங்கன் மூலம்

ரிஷிமூலமும் நதிமூலமும் பார்க்கலாகாது என்பது நம்மவர் வாக்கு. பெரியோர் பிறந்த இடத்தைத் தோண்டினால் மனம் சங்கடப்படும் செய்தி ஏதேனும் கிட்டிவிடலாம் என்ற முன்னெச்சரிக்கை அதில் இருக்கிறது. ஆயினும், ஒருவர் புகழ்பெற்ற மறுநாளே அவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. உயர்த்த விரும்புவோர் ஒரு மேன்குடி மரபைத் தேடித் தருவர். தாழ்த்த விரும்புவோர் ஒரு வதந்தியைத் தேடித் தருவர். ஆவணத்தைத் தேடுவோர் இரு சாராரிலும் அரியர்.

நாம் பணிபுரியும் கல்லூரியின் தாழ்வாரத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கடிதம் தொங்குகிறது. ஆபிரகாம் லிங்கன் தம் மகனின் ஆசிரியருக்கு எழுதியது என்பது அதன் தலைப்பு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பயின்ற பலர் இதை ஒருமுறையேனும் வாசித்திருப்பர். முதலாண்டு மாணவி ஒருவர் அதன் முன் நின்று, "இது எந்த வருஷம் எழுதினது ஐயா?" என்று கேட்டார். விடை தெரியாமல் தேடப் புகுந்தோம். ராய் பாஸ்லர் பதிப்பித்து 1953-இல் வெளிவந்த லிங்கன் எழுத்துக்களின் பெருந்தொகுப்பில் அப்படியொரு கடிதமே இல்லை. அவர் எழுதியதற்கு வேறு சான்றும் இல்லை.

இல்லாத கடிதத்தைத் தேடப்போன இடத்தில், இருக்கின்ற கடிதங்கள் சில கண்ணில் பட்டன. 1848 மார்ச், ஏப்ரல் மாதங்களில் எழுதப்பட்டவை அவை. அவற்றில் லிங்கன் எவருக்கும் அறிவுரை கூறவில்லை. தம் முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள் என்று ஊர் பேர் தெரியாத சிலரிடம் கேட்கிறார்.

*

அப்போது லிங்கனுக்கு வயது 39. இல்லினாய் மாநிலத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய உறுப்பினராக வாஷிங்டனில் இருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹிங்கம் என்னும் ஊரிலிருந்து சாலமன் லிங்கன் என்பவர் எழுதினார். அவர் தம் ஊர் வரலாற்றை 1827-இலேயே நூலாக வெளியிட்டவர். அவ்வூரில் லிங்கன் என்ற குடும்பப் பெயர் மிகுதி. புதிய உறுப்பினரும் தம் ஊர் வழியினரோ என்பது அவர் கேள்வி.

மார்ச் 6-ஆம் நாள் லிங்கன் மறுமொழி எழுதினார். தந்தையின் பெயர் தாமஸ். பாட்டனார் பெயர் தம் பெயரே, ஆபிரகாம். பாட்டனார் வர்ஜீனியாவின் ராக்கிங்கம் மாவட்டத்திலிருந்து கென்டக்கிக்குக் குடிபெயர்ந்து, அங்கே பூர்வகுடியினரால் கொல்லப்பட்டார். பாட்டனாரின் தந்தை பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு வந்தவர் என்றும், குவேக்கர் சமயத்தவர் என்றும் தெளிவற்ற ஒரு செவிவழிச் செய்தி வீட்டில் உண்டு. அதற்கு அப்பால் தாம் எதையும் கேள்விப்பட்டதில்லை என்று முடித்துவிடுகிறார். ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் சொல்கிறார்: தந்தை ஆறு வயதில் அநாதையாகி, வறுமையில், புதிய நாட்டில் வளர்ந்ததால் எழுத்தறிவே இல்லாதவரானார்; குடும்ப வரலாறு தமக்கு இவ்வளவு குறைவாகத் தெரிவதற்கு அதுவே காரணமாகலாம். இந்த ஒரு வாக்கியம் முழு வரலாற்றுக்கும் திறவுகோல் என்பதைப் பின்னர் காண்போம்.

லிங்கன் அத்துடன் நிற்கவில்லை. வர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநரான ஜேம்ஸ் மக்டவலிடம் விசாரித்து, ராக்கிங்கம் மாவட்டத்தில் டேவிட் லிங்கன் என்பவர் இருப்பதை அறிந்து அவருக்கும் எழுதினார். தாமஸுக்கு அவர் சிற்றப்பா மகன் முறை. வர்ஜீனியா வரை நூல் கிடைத்துவிட்டது. அதற்கு மேல் அறுந்தே இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் தேர்தல் பரப்புரைக்காக லிங்கன் மாசசூசெட்ஸ் சென்றார். வூஸ்டர் நகரில் முன்னாள் ஆளுநர் லீவை லிங்கன் வீட்டில் விருந்து. ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். நாம் ஒரே குலமாக இருக்கலாம். ஆனால் இருவரும் ஒரே கட்சி என்பது உறுதி என்ற பொருளில் விருந்தினர் வேடிக்கையாகப் பேசியதாகச் சொல்வர். இருவரும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் என்பது அந்த மேசையில் இருந்த எவருக்கும் தெரியாது.

1859 டிசம்பரில் ஜெஸ்ஸி ஃபெல் என்ற நண்பர் கேட்டதற்கிணங்க லிங்கன் சுருக்கமான தன்வரலாறு ஒன்றை எழுதிக் கொடுத்தார். குடியரசுத் தலைவர் பதவிக்கான பேச்சு அடிபடத் தொடங்கிய காலம். ஹிங்கம் குடும்பம் நியூ இங்கிலாந்தில் மதிப்புடையது, ஆளுநர்களைத் தந்தது. உறவு கொண்டாடியிருந்தால் மறுப்பாரில்லை. லிங்கனோ, அக்குடும்பத்துடன் தம்மை இணைக்கும் முயற்சி விவிலியப் பெயர்களின் ஒப்புமைக்கு மேல் எதையும் தரவில்லை என்று எழுதினார். ஏனோக்கு, லேவி, மொர்தெகாய், சாலொமோன், ஆபிரகாம் முதலிய பெயர்கள் இரு குடும்பங்களிலும் உள, அவ்வளவே. நிறுவப்படாத பெருமையை ஏற்க அவர் உடன்படவில்லை. 1865-இல் கொல்லப்படும் வரை அவருக்குத் தம் பூட்டனாருக்கு மேல் எவரையும் உறுதியாகத் தெரியாது.

*

பெயர் ஒப்புமை பொய்யான சான்று அன்று, போதாத சான்று. அதை நிரப்பியவை உயில்களும் நிலப்பத்திரங்களும் ஆகும்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலும் ஹிங்கம் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்த் தேவாலயப் பதிவேட்டின்படி 1622 ஆகஸ்ட் 24-ஆம் நாள் எட்வர்ட் லிங்கனின் மகன் சாமுவேலுக்குத் திருமுழுக்கு நடந்தது. 1637-இல் 'ஜான் அண்ட் டாரதி' என்ற கப்பலில் நாரிச் நகரத்து நெசவாளர் ஃபிரான்சிஸ் லாஸ் மனைவியுடனும் மகளுடனும் புறப்பட்டபோது, அவருடைய பணியாட்கள் இருவருள் ஒருவராகச் சாமுவேலும் ஏறினார். கப்பல் பட்டியலில் வயது 18 என்றிருக்கிறது. திருமுழுக்குக் கணக்கின்படி 15 கூட நிறையவில்லை. கடல் கடக்க வேண்டி வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். அமெரிக்க மண்ணில் லிங்கன் வம்சத்தின் முதல் பதிவே இப்படி ஒரு முரண்பாட்டுடன் தொடங்குகிறது.

சாமுவேல் போய்ச் சேர்ந்தது தாய்நாட்டு ஊரின் பெயரையே தாங்கிய மாசசூசெட்ஸ் ஹிங்கத்துக்கு. அவருடைய அண்ணன்மார் தாமஸும் டேனியலும் அங்கிருந்தனர். தேடுவோரைத் திணற வைக்கும் மற்றொரு செய்தி: அச்சிற்றூரில் அக்காலத்தில் தாமஸ் லிங்கன் என்ற பெயரில் மட்டும் நால்வர். நெசவாளர் தாமஸ், மாவாலைத் தாமஸ், பீப்பாய் செய்யும் தாமஸ், உழவர் தாமஸ் என்று தொழிலை முன்னிட்டு அவர்களைப் பிரித்தறிந்தனர். சாமுவேலின் அண்ணன் நெசவாளர் தாமஸ். பெயரை மட்டும் நம்பி வம்சம் கட்டியவர்கள் எவ்வளவு எளிதாக வழி தவறியிருப்பர் என்பதை இது காட்டும்.

சாமுவேல் 1690-இல் மறைந்தார். அவர் மகன் மொர்தெகாய் கொல்லர். இரும்புத் தொழிலில் செல்வம் சேர்த்தவர். அவருக்கு அதே பெயரில் ஒரு மகன். இரண்டாம் மொர்தெகாய் நியூ ஜெர்சிக்கும், பின்னர் பென்சில்வேனியாவுக்கும் பெயர்ந்து 1736-இல் மறைந்தார். அவர் மகன் ஜான் நெசவாளர். இந்த ஜான் 1768-இல் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைக்கரையில் குடியேறினார். ஜானின் மகனே லிங்கனின் பாட்டனார் ஆபிரகாம். பென்சில்வேனியா ஜானும் வர்ஜீனியா ஜானும் ஒருவரே என்பதற்கும், அவர் மொர்தெகாயின் மகன் என்பதற்கும் சான்றாக அமைந்தது ஒரு கிரயப் பத்திரம். மொர்தெகாய் தம் உயிலில் நியூ ஜெர்சியிலிருந்த 300 ஏக்கர் நிலத்தை ஜானுக்கு எழுதியிருந்தார். 1748-இல் ஜான் அதை விற்றபோது, தாம் இன்னாரின் மகன், வாரிசு என்று பத்திரத்தில் குறிக்க நேர்ந்தது. தன் பெருமைக்காக எழுதப்படாத ஆவணம் என்பதால் அதன் சொல் எடுபட்டது.

இந்தச் சங்கிலியைக் கோத்து 1887-இல் சாமுவேல் ஷாக்ஃபர்ட் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 1909-இல் லீ, ஹட்சின்சன் என்ற இருவர் இங்கிலாந்துப் பதிவேடுகள் வரை சென்று தனி நூலே செய்தனர். சாமுவேலிலிருந்து எண்ணினால் ஆபிரகாம் லிங்கன் ஏழாம் தலைமுறை. வூஸ்டர் விருந்தில் எதிரே அமர்ந்தவர் உண்மையிலேயே பங்காளிதான். 1919-இல் நார்ஃபோக் ஹிங்கத்தின் தேவாலயத்தில் லிங்கனின் மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. பணியாளாகக் கப்பலேறிப் போன சிறுவனின் ஊர், 282 ஆண்டுகளுக்குப் பின் அவன் வழிவந்தவரைக் கொண்டாடியது.

*

இவ்வளவு ஆவணம் இருந்தும் லிங்கன் வீட்டில் ஏன் எவருக்கும் எதுவும் தெரியவில்லை? நிலம் போன வழியில் நினைவும் போயிற்று என்பதே நாம் கண்ட விடை.

சாமுவேலின் பாட்டனார் ரிச்சர்ட் லிங்கன் நார்ஃபோக்கில் நிலபுலம் உடையவர். நான்கு முறை மணந்தவர். தம் சொத்தைப் பின்னவளின் மக்களுக்கு எழுதிவிட்டு, முதல் மனைவியின் மகன் எட்வர்டை ஒதுக்கினார். எட்வர்டின் பிள்ளைகள் நெசவு பழகினர். பின்னர் கடல் கடந்தனர்.

நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே கதை. லிங்கனின் பாட்டனார் கென்டக்கியில் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு உரிமை பெற்றிருந்தார். அந்நிலம் பூர்வகுடியினர் வாழ்ந்து வேட்டையாடிய மண் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1786 மே மாதம் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு வயதுத் தாமஸ் அருகில் இருந்தான். மூத்தவன் மொர்தெகாய் துப்பாக்கியெடுத்துத் தாக்கியவரைச் சுட்டு வீழ்த்தினான். தம் மனத்தில் மற்றெல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்த கதை இதுவே என்று லிங்கன் 1854-இல் உறவினர் ஒருவருக்கு எழுதினார்.

கொல்லப்பட்டவர் உயில் எழுதியிருக்கவில்லை. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் ஒரு பகுதி. மூத்த மகனுக்கே நிலம் என்ற பழைய சட்டத்தை வர்ஜீனியா நீக்கிவிட்டிருந்தது. ஆனால் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி முதல் நாள். சில மாத இடைவெளியில் நிலம் முழுவதும் மூத்தவன் மொர்தெகாயைச் சேர்ந்தது. தாமஸ் கூலி வேலை செய்து திரிந்தார், தச்சுத்தொழில் பழகினார். பத்திரம் உள்ள வீட்டில் பாட்டன் பெயர் பத்திரத்தில் இருக்கும். பத்திரம் இல்லாத வீட்டில் பாட்டன் பெயர் நாவில் மட்டும் இருக்கும். இரண்டு தலைமுறையில் அதுவும் மங்கும்.

நிலம் தங்கிய வர்ஜீனியாக் கிளையில் நினைவும் தங்கியது, வேறொன்றும் தங்கியது. லின்வில் ஓடைக்கரையிலுள்ள அக்குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் வைத்திருந்த அடிமைகள் இருவரும் புதைக்கப்பட்டுள்ளனர். மூலத்தைத் தேடுவோர் இதற்கும் ஆயத்தமாகவே இருத்தல் வேண்டும்.

*

தந்தை வழிச் சிக்கல் அறியாமையால் விளைந்தது. தாய் வழிச் சிக்கல் நாணத்தால் விளைந்தது. எனவே அது தீர மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

லிங்கனின் தாய் நான்சி ஹாங்க்ஸ் 1818 அக்டோபர் 5-ஆம் நாள், நச்சுச் செடி தின்ற பசுவின் பாலால் வரும் நோயில் இந்தியானாவில் இறந்தார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அவரைப் பற்றி லிங்கன் எழுதியவை மிகக் குறைவு. 1859 தன்வரலாற்றில் ஹாங்க்ஸ் என்ற பெயருடைய குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு மேல் அதிகம் இல்லை.

அவர் மறைந்தபின் வதந்திகள் பெருகின. பெற்றோர் முறையாக மணக்கவேயில்லை என்றனர். லிங்கன் பிறந்த ஹார்டின் மாவட்டத்தின் பதிவேட்டில் தாமஸின் இரண்டாம் திருமணம் இருந்தது. முதல் திருமணம் இல்லை. 1872-இல் வெளிவந்த லாமனின் வாழ்க்கை வரலாறு இந்த ஐயத்தை அச்சிலேற்றியது. தேடிய இடம்தான் தவறு. 1878-இல் அண்டை மாவட்டமான வாஷிங்டன் மாவட்டத்து அலுவலகக் கட்டுகளில் திருமண ஆவணம் கிடைத்தது. 1806 ஜூன் 10-இல் பிணைப்பத்திரம். 12-இல் ஜெஸ்ஸி ஹெட் என்ற போதகர் மணம் முடித்தார். மூத்த மகள் பிறந்தது 1807 பிப்ரவரியில். லிங்கனுக்குத் தாமஸ் தந்தையல்லர் என்று வேறு பலரை முன்னிறுத்திய கதைகளையும் வில்லியம் பார்ட்டன் 1920-இல் ஒவ்வொன்றாக ஆராய்ந்து தள்ளினார்.

எஞ்சியது, நான்சியின் தாய் யார் என்பது. லிங்கனின் வழக்குரைஞர் கூட்டாளி ஹெர்ன்டன் 1889-இல் தம் நூலில் ஒன்றைச் சொன்னார். 1850 வாக்கில் குதிரை வண்டியில் நீதிமன்றம் செல்லும் வழியில், தம் தாய் லூசி ஹாங்க்ஸுக்கும் வர்ஜீனியாவின் நற்குடிப் பண்ணையார் ஒருவருக்கும் மணவுறவின்றிப் பிறந்தவர் என்று லிங்கனே தம்மிடம் கூறினாராம். படித்தோர் பலர் கொதித்தனர். தியாகியின் தாய்க்கு இப்படியொரு பிறப்பா என்பது அவர்கள் வினா.

1899-இல் கரோலின் ஹாங்க்ஸ் ஹிட்ச்காக் என்ற பெண்மணி தம் நூலில் வேறு விடை தந்தார். கென்டக்கியில் 1793-இல் எழுதப்பட்ட ஜோசப் ஹாங்க்ஸின் உயிலில் மகன்களுக்குக் குதிரைகளும் மகள்களுக்குக் கிடாரிக் கன்றுகளும் பங்கிடப்பட்டுள்ளன. அதில் நான்சி என்றொரு மகள் இருக்கிறாள். அவளே லிங்கனின் தாய் என்றார் அவர். 1926-இல் லூயிஸ் வாரன், லூசி என்பவர் ஷிப்லி குடும்பத்தில் பிறந்து ஹாங்க்ஸ் ஒருவரை மணந்து விதவையானவர் என்றார். இரண்டு விடைகளிலும் நான்சியின் பிறப்பு முறையானதாகிவிடும். பார்ட்டன் இரண்டையும் ஏற்கவில்லை. உயிலில் வரும் நான்சி லிங்கனின் தாயல்லள். தாயின் சித்தி என்றார். லூசியோ ஜோசப்பின் மகள். ஆனால் உயிலில் அவள் பெயர் இல்லை. 1789-இல் மெர்சர் மாவட்ட நடுவர் குழு அவள்மீது ஒழுக்கக் குற்றம் சாட்டியதும், பின்னர் ஹென்றி ஸ்பாரோ என்பவர் அவளை மணந்ததும் பதிவில் உள. நான்சியுடன் வளர்ந்த டென்னிஸ் ஹாங்க்ஸோ, அவர் பெயர் நான்சி ஸ்பாரோதான் என்று முதுமை வரை சாதித்தார். சித்தியின் மகனான அவரும் மணவுறவுக்கு வெளியே பிறந்தவர். மூடி மறைக்க அவருக்கும் காரணம் இருந்தது.

வழக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் நீடித்தது. மைட்டோகாண்ட்ரியா என்னும் உயிரணுக் கூறு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு இறங்குவது. மகள் வழியே தொடர்வது. லிங்கனின் அக்காள் 1828-இல் பிரசவத்தில் இறந்ததால் நான்சியின் நேர் பெண்வழி அற்றுப்போயிற்று. எனவே ஹாங்க்ஸ் குடும்பத்துப் பிற பெண்களின் வழிவந்தோரைச் சோதித்தனர். அரிய ஒரு மரபுக் குறி அவர்களிடையே ஒத்திருந்தது. ஷிப்லி வழி அதனின் வேறுபட்டது. 2015 அக்டோபரில் வெளியான இம்முடிவு, நான்சியின் தாய் ஜோசப் ஹாங்க்ஸ், ஆன் லீ இணையரின் மகளான லூசியே என்ற கருத்துக்கு வலுவூட்டியது. நான்சியின் தந்தை எவர் என்பதை அந்தச் சோதனையால் சொல்ல இயலாது.

*

மூன்று உயில்கள், அல்லது உயிலின்மைகள், இந்த வரலாற்றை நடத்திச் செல்வதைக் காண்கிறோம். ரிச்சர்டின் உயிலில் எட்வர்டுக்கு நிலம் இல்லை. பாட்டனார் ஆபிரகாம் உயிலே எழுதவில்லை. ஜோசப்பின் உயிலில் லூசி இல்லை. விடுபட்டவர்களின் வழியே வந்தவர் லிங்கன். ஹிட்ச்காக்கின் நூல் அன்பால் எழுதப்பட்டது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், நான்சிக்குக் கௌரவமான ஒரு தாயைத் தரும் ஆவலில், அது அவரைப் பெற்ற தாயை இரண்டாம் முறையும் ஏட்டிலிருந்து நீக்கிவிட்டது. ஜோசப் ஒரு கிடாரிக் கன்றை மறுத்தார். பின்வந்தோர் மகளையே மறுத்தனர்.

நம் வீட்டுப் பழைய பத்திரக் கட்டில் ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர் வரிசையாக இருக்கிறது. பாட்டிமார் ஒருவர் பெயரும் இல்லை. இன்னாரின் மனைவி என்ற குறிப்பு இரண்டு இடத்தில் மட்டும். பூர்வீகம் எந்த ஊர் என்று நம் பெரியப்பா வழியினரும் அத்தை வழியினரும் இன்றும் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் வாதிடுகின்றனர். லிங்கன் கடிதங்களைப் படித்தபின் அந்த வாதத்தில் நாம் கட்சி சேர்வதில்லை. அத்தையிடம் பாட்டிமார் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

லிங்கனின் நேர் வாரிசு 1985-இல் அற்றுப்போயிற்று. அவர் வழி வந்தவர் என்று உரிமை கோர இனி எவருமில்லர். தாழ்வாரத்துக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிடலாமா என்று மாணவி பின்னர் ஒருநாள் கேட்டார். வேண்டாம் என்றோம். 1848 மார்ச் 6-ஆம் நாள் கடிதத்தைத் தமிழில் பெயர்த்து அதன் பக்கத்தில் ஒட்டும்படி அவரிடமே கொடுத்தோம். அதற்கு அப்பால் எதுவும் கேள்விப்பட்டதில்லை என்று எழுதக்கூடிய துணிவு அதில் இருக்கிறது. அவர் ஆண்டையும் தேதியையும் பெரிய எழுத்தில் மேலே எழுதி ஒட்டியிருக்கிறார்.